வீட்டில் அதற்கு என்ன பெயர்

"கர்ப்பப்பையையே எடுத்துடலாம்னு இருக்கோம் டீச்சர். அதுக்கப்புறம் எதுக்கு இவளுக்கு இந்தப் பாடம்?"

பிரேமலா குரலை உயர்த்தாமல் சொன்னாள். பல நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அதனால் தடுமாறாமல் வந்தன. மேசைக்கு எதிரே இருந்தவள் ஜெரால்டின். மலேசியாவின் ஜொகூரில், ஸ்கூடாயில் இருக்கும் அந்த இடைநிலைப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பின் ஆசிரியை அவள். செடெனாக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், முப்பது இன்னும் ஆகவில்லை. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள் என்று சக ஆசிரியர்களிடம் பெயர் வாங்கியிருந்தாள்.

பிரேமலாவின் ஒரே மகள் சாந்தினிக்குப் பதினான்கு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். தன் பெயரை எழுதுவாள், பாட்டுக் கேட்டால் எழுந்து ஆடுவாள், தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வாள். போன வருடம் வயதுக்கு வந்தாள். அதிலிருந்து மாதாமாதம் சில நாள் பள்ளிக்கு வருவதில்லை. காய்ச்சல் என்று வாட்சாப்பில் செய்தி மட்டும் வரும். இப்படி நாள் தவறாமல் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வராது என்று தோன்றியதால்தான் ஜெரால்டின் தாயை வரச் சொல்லி, அந்த நாட்களைத் தானே சமாளிக்கும் பாடத்தில் மகளைச் சேர்க்கலாம் என்று பேச்சை எடுத்திருந்தாள்.

"அந்த நாள்ல வீட்டுல என்ன செய்வீங்க அக்கா?"

"பேம்பர்ஸ் போட்டு விட்டுருவேன். பெரியவங்க போடுறது இருக்கே, அது."

அதில் பிரேமலாவுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் வீட்டிலேயே தாமானில், அந்தக் குடியிருப்பில், உள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையில் தூக்கிப் போவார்கள். நாள் முழுக்க யாருக்காவது துடைத்து, கழுவி, மாற்றிக்கொண்டேதான் இருப்பாள். சாந்தினியும் அந்த வரிசையில் ஒரு பிள்ளை, கொஞ்சம் உயரமான பிள்ளை, அவ்வளவுதான்.

"ஆபரேஷனுக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?"

"உடனே சரின்னு சொல்லல. பெரிய ஆபரேஷன், இதுக்காக மட்டும் செய்யறது இல்லைன்னாங்க. வீட்டுக்காரரையும் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, பேசலாம்னு தேதி கொடுத்திருக்காங்க. நான் கெஞ்சியாவது வாங்கிருவேன்."

"சாந்தினிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவளுக்கு என்ன தெரியும் டீச்சர்."

ஜெரால்டின் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "எடுத்தா ரத்தம் வராது. சரி. யாராச்சும் தப்பா கை வெச்சா, அதையும் அந்த ஆபரேஷன் நிறுத்துமா?"

பிரேமலாவின் முகம் இறுகியது. "அப்படி யாரையும் நான் அவ பக்கத்துல விட்டதில்ல. எப்பவும் நான் இருக்கேன்."

"இங்க பள்ளிக்கூடத்துல நீங்க இல்லையே அக்கா."

அந்தப் பேச்சு பிரேமலாவுக்குக் கோபத்தை மூட்டியது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் ஜெரால்டின் வேறொன்று கேட்டாள்.

"வீட்டுல அதுக்கு என்ன பேரு சொல்றீங்க? மாசாமாசம் வர்றதுக்கு. இங்க நான் மலாய்ல சொல்லிக் கொடுக்கணும். அதோட வீட்டுல புழங்குற சொல்லையும் சேர்த்துச் சொன்னா அவளுக்குச் சீக்கிரம் புரியும்."

பிரேமலா பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா வீட்டில் 'தூரம்' என்பார்கள். கல்யாணத்துக்கு முன் வேலை செய்த தொழிற்சாலையில் மலாய்ப் பெண்கள் 'பூலான்', அதாவது மாதம், வந்துடுச்சு என்பார்கள். புருஷனிடம் 'இன்னிக்கு முடியல' என்பாள். சாந்தினியிடம் என்ன சொல்வாள்? 'வா' என்பாள். வா, இங்க நில்லு, காலைத் தூக்கு. அதற்குமேல் ஒரு சொல்லும் அவளுக்குக் கொடுத்ததில்லை.

"பேரெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள் கடைசியில்.

"நான் கத்துக் கொடுத்தா கட்டாயம் வந்துரும்னு சொல்லமாட்டேன்," என்றாள் ஜெரால்டின். "போன வருஷம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவோ சொல்லியும் பாதிதான் வந்துச்சு. ஆஸ்பத்திரி தேதி வரைக்கும் அவளை எங்கிட்ட விட்டுப் பாருங்க. புதன்கிழமைதான் அந்தப் பாடம். நீங்களும் வந்து உக்காருங்க. பிடிக்கலன்னா அப்பவே நிறுத்திக்கலாம்."

புதன்கிழமைகளில் குழந்தைகளைப் பக்கத்து வீட்டு ஷாமளாவிடம் விட்டுவிட்டுப் பிரேமலா போனாள். தவறு கண்டுபிடிக்கத்தான் முதல் வாரம் போனாள்.

வகுப்பில் நாலைந்து பெண்பிள்ளைகள். பையன்களுக்கு அடுத்த அறையில் ஓர் ஆண் ஆசிரியர் அவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் படங்கள் ஒட்டியிருந்தன. எடு, பிரி, ஒட்டு, சுருட்டு, குப்பையில் போடு, கை கழுவு. ஜெரால்டின் சிவப்புச் சிரப்பைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கரண்டி எடுத்து பேடின்மேல் ஊற்றிக் காட்டினாள். அது உறிஞ்சிக்கொண்டதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். சாந்தினியின் முறை வந்தபோது அவள் பேடைப் பிரித்துத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிரேமலா மட்டும் சிரிக்கவில்லை. இதற்குத்தான் சொன்னேன் என்பதுபோல் ஆசிரியையைப் பார்த்தாள்.

ஜெரால்டின் அதைப் பிய்த்தெடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்தாள். அடுத்ததைத் தலைகீழாய் ஒட்டினாள். இன்னொன்று கொடுத்தாள். மணி அடிக்கும்வரை அதுவேதான் நடந்தது. அவள் பொறுமை போவதாகத் தெரியவில்லை. மற்றவர்கள் வீட்டுப் பிள்ளையானால் எனக்கும் இவ்வளவு பொறுமை இருக்கும் என்று பிரேமலா நினைத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து நடந்த பாடம்தான் அவளை அசைத்தது. ஜெரால்டின் தரையில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டாள். ஒவ்வொரு பிள்ளையாக அதற்குள் நிற்க வேண்டும். வெளியிலிருந்து அவள் கேட்பாள்: நான் உன் கையைப் பிடிக்கலாமா, கட்டிப்பிடிக்கலாமா, தபால்காரர் கட்டிப்பிடிக்கலாமா, கடைக்காரர் உன்னை மடியில் உட்கார வைக்கலாமா. பிள்ளை, சம்மதம் என்றால் 'போலே', அதாவது சரி என்று சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் கையை முன்னே நீட்டி 'ஜாங்ஙான்', அதாவது வேண்டாம், தொடாதே என்று சொல்ல வேண்டும்.

சாந்தினி எல்லாவற்றுக்கும் 'போலே' என்றாள். தபால்காரருக்குப் போலே. கடைக்காரருக்குப் போலே. பள்ளி பஸ் ஓட்டுநர் முத்தம் கொடுக்கலாமா என்று கேட்டதற்கும் சிரித்த முகத்தோடு போலே.

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பிரேமலா மகளையே பார்த்தாள். எங்கே கற்றாள் இதை? மாமாவுக்கு முத்தம் கொடு. ஆன்ட்டி கூப்பிடுறாங்க, போய் மடியில உக்காரு. ஐயோ, அழாதே, நல்ல பிள்ளைல்ல. இந்தப் பிள்ளையை நாலு பேர் ஒதுக்கிவிடக் கூடாதே என்ற பயத்தில், எல்லோருக்கும் பிடித்தவளாக அவளை வளர்த்திருந்தாள். பார்ப்பவர்கள் எல்லாம் 'எவ்வளவு பாசமா இருக்கா' என்று சொன்னபோது அது தன் வளர்ப்புக்குக் கிடைத்த பாராட்டு என்று பூரித்திருக்கிறாள். வேண்டாம் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சாந்தினிக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் ஜெரால்டினிடம் போய், "அந்த ஜாங்ஙான், அதை வீட்டுலயும் சொல்லிக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"கொடுங்க. ஆனா அவ சிரிச்சிகிட்டே சொன்னா நீங்க விடாதீங்க. சிரிக்காம சொல்லணும். அப்பதான் கையை எடுக்கணும்."

வீட்டில் அந்தப் பயிற்சி நடந்தது. கூடத்தில் குழந்தைகள் தவழ்ந்துகொண்டிருக்க, பிரேமலா மகளின் தோளைப் பிடிப்பாள். சாந்தினி கெக்கலித்துக்கொண்டே கையை நீட்டுவாள். பிரேமலா விடமாட்டாள். மறுபடியும் சிரிப்பு. ஒரு நாள் பிரேமலா விளையாட்டாகப் பிடித்துக்கொண்டே இருந்தபோது சாந்தினிக்குச் சலித்துப்போய், முகத்தைச் சுளித்து, அடிவயிற்றிலிருந்து சொன்னாள்: "ஜாங்ஙான்." பிரேமலா சட்டென்று கையை எடுத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சொல் வேலை செய்கிறது என்பது சாந்தினிக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு அதை அவள் பல இடங்களில் வைத்துப் பார்த்தாள். தலை வார வந்தால் ஜாங்ஙான். கீரை வைத்தால் ஜாங்ஙான். அடுத்த மாதம் அந்த நாள் வந்தபோது பிரேமலா வழக்கம்போல் குளியலறைக்குள் கூடவே நுழைந்தாள். சாந்தினி அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரேமலா வெளியே நின்றாள். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம், ஏதோ கீழே விழும் சத்தம், மகள் மெல்லிய குரலில் தனக்குத்தானே "எடு, பிரி, ஒட்டு" என்று மலாயில் சொல்லிக்கொள்வது எல்லாம் கேட்டது. கதவைத் தட்டக் கை போயிற்று. பிறந்ததிலிருந்து அந்த உடம்பில் தனக்குத் தெரியாத இடம் ஒன்றும் இல்லை. இப்போது நடுவில் ஒரு கதவு. அழுகை வந்தது, எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

சாந்தினி வெளியே வந்தபோது பேட் கோணலாக இருந்தது, பாவாடையில் கறை, குளியலறைத் தரை குளமாகிக் கிடந்தது. ஆனால் பழையதைத் தாளில் சுருட்டிக் குப்பையில் போட்டிருந்தாள். அன்று அவள் பள்ளிக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சபாபதி வந்தார்.

சபாபதி பிரேமலாவின் கணவன் அர்ச்சுனனோடு சிங்கப்பூரில் ஒரே கம்பெனியில் வேலை செய்பவர். வயதில் மூத்தவர். அடுத்த சந்தில் வீடு. தினமும் விடிவதற்கு முன் அவருடைய காரில்தான் இருவரும் சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலத்தைக் கடந்து போவார்கள். அந்த வேலையை அர்ச்சுனனுக்குப் பேசி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஓய்வு நாட்களில் மாமா என்ற உரிமையோடு வருவார், சாந்தினிக்குச் சாக்லெட் கொண்டுவருவார், அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு பேசுவார். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து நடப்பதுதான்.

அன்றும் சோபாவில் உட்கார்ந்து, "வாடி என் குட்டி," என்று அவள் இடுப்பை வளைத்து இழுத்தார்.

சாந்தினி கையை முன்னே நீட்டினாள். "ஜாங்ஙான்."

சபாபதி சிரித்தார். "என்னடா இது, மலாய்ல பேசுது." மறுபடியும் இழுத்தார்.

"ஜாங்ஙான் மாமா." அவள் சிரிக்கவில்லை.

அர்ச்சுனனுக்குச் சங்கடமாகிவிட்டது. "சாந்தினி, மாமாகிட்ட அப்படிப் பேசக் கூடாது. போ, போய் உக்காரு."

சாந்தினி அப்பாவைப் பார்த்தாள். பிறகு சமையலறை வாசலில் பொரித்த வாழைப்பழத் தட்டோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயமோ அழுகையோ இல்லை. இது இங்கேயும் செல்லுமா என்று கேட்பது போல் இருந்தது. சபாபதியின் கை இன்னும் அவள் இடுப்பில் இருந்தது.

பிரேமலா தட்டை மேசைமேல் வைத்தாள். "அண்ணே, விடுங்க. அவ வேணாங்குறா."

"நான் தூக்கி வளர்த்த பிள்ளைமா இது."

"தெரியும்ணே. இப்ப அவ வளர்ந்துட்டா. விடுங்க."

அவர் கையை எடுத்தார். வேலை இருக்கிறது என்று எழுந்தார். பழத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கேட் மூடிய சத்தம் கேட்டதும் அர்ச்சுனன் வெடித்தான். "நாளைக்குக் காலையில அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? பள்ளிக்கூடத்துல எதையோ சொல்லிக் கொடுத்து, இப்ப வீட்டுக்கு வர்ற மனுசனை அவமானப்படுத்தி அனுப்பியாச்சு."

"இதுக்கு முன்னாடி அவளுக்கு அது பிடிச்சுதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவர் என்ன செஞ்சாருன்னு இப்ப சொல்ல வர்ற?"

"எனக்குத் தெரியாதுங்க. அதான் கேக்கப்போறேன்."

எப்படிக் கேட்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஜெரால்டின் வகுப்பில் கேட்பதுபோல், மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாமா தொட்டது எங்க பிடிக்கல? சாந்தினி இடுப்பைக் காட்டினாள். வேற எங்கயாச்சும்? தலையை ஆட்டி இல்லை என்றாள். வலிச்சுதா? இல்லை. மாமா ஏதாச்சும் யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாரா? இல்லை.

"அப்புறம் என்னடா?"

"பிடிக்கல," என்றாள் சாந்தினி. அவ்வளவுதான் அவள் சொல்ல இருந்தது.

அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அர்ச்சுனன், "அப்ப ஒண்ணும் இல்லதானே," என்றான். குரலில் நிம்மதியும் எரிச்சலும் சேர்ந்திருந்தன.

"ஒண்ணும் இல்லாம இருக்கலாம். அவர் நல்ல மனசோடவே தொட்டிருக்கலாம். அவளுக்குப் பிடிக்கல. அது போதாதா?"

மறுநாள் பிரேமலா ஜெரால்டினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெரால்டின் சாந்தினியிடம் தனியாகப் பேசிப் பார்த்தாள். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. "இதோட நின்னுருந்தா நல்லது அக்கா. ஆனா அவ சொன்னப்ப நீங்க கூட நின்னீங்க பாருங்க, அடுத்த தடவை ஏதாச்சும்னா உங்ககிட்டதான் வருவா," என்றாள்.

சபாபதி அதன் பிறகு அர்ச்சுனனுக்காகக் காத்திருக்கவில்லை. தூசி படிந்து கிடந்த மோட்டார்சைக்கிளைப் பழுது பார்த்து, அர்ச்சுனன் அதில் போக ஆரம்பித்தான். மழைக்காலம். பாலத்தில் காற்று வண்டியைச் சாய்க்கும். நனைந்துகொண்டே வீடு வந்து, சாப்பிட்டு, பேசாமல் படுத்துவிடுவான். ஆஸ்பத்திரித் தேதியைப் பற்றிப் பிரேமலா எடுத்தபோதெல்லாம், "நீயே ஆரம்பிச்ச, நீயே முடிவு பண்ணு," என்றான். அவளோ எந்த முடிவில் இருக்கிறாள் என்று தனக்கே தெரியாமல் இருந்தாள். ஒரு நாள் பார்த்தால் ஆபரேஷனே வேண்டாம் என்று தோன்றும். அடுத்த நாள் பள்ளியிலிருந்து, சாந்தினியின் சீருடை முழுக்கக் கறை, மாற்று உடை கொண்டு வாருங்கள் என்று அழைப்பு வரும். அப்போது பழைய எண்ணமே சரி என்று படும். நான் செத்த பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு எந்த வகுப்பிலும் பதில் இல்லை.

ஒரு மாலை அர்ச்சுனன் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தான். மழைச்சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கம்பெனியில என்னை ஒருத்தன் கேட்டான். ஏன் தனியா வர்றேன்னு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சபாபதி அண்ணன் சொல்றாரு, அவன் வீட்டுப் பைத்தியத்துக்கு மரியாதை கத்துக் கொடுக்கலன்னு." சற்று நிறுத்தினான். "எல்லார் முன்னாடியும். சிரிச்சிகிட்டே சொன்னாரு."

பிரேமலா துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இத்தனை வருஷம் குட்டின்னாரு, செல்லம்னாரு. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னதும் பைத்தியமாயிட்டா." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "நானும் அன்னிக்கு அவளைத்தான் அதட்டினேன்."

உள்ளே தொலைக்காட்சிச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டிருந்த சாந்தினியைக் கூப்பிட்டான். அவள் வந்து அவன் ஈரச் சட்டையைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா நாத்தம்," என்றாள். அவன் சிரித்தான். பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் சிரித்தது அன்றுதான்.

ஜொகூர் பாருவில் அரசு மருத்துவமனையில் அவர்களைப் பார்த்தது ஒரு மலாய்ப் பெண் மருத்துவர். பெற்றோரிடம் பேசுமுன் அவர் சாந்தினியின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். மாதம் வரும்போது வலிக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் என்று விரலிடுக்கில் காட்டினாள். பயமாக இருக்கிறதா? இல்லை. அப்போது என்ன செய்வாய்? சாந்தினி நேராக உட்கார்ந்து, சுவரில் படம் ஒட்டியிருப்பதுபோல் அங்கே பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டாள். மருத்துவர் திருத்தவில்லை.

பிறகு அவர் பெற்றோரைப் பார்த்தார். ஆபரேஷனுக்கு உடம்பில் காரணம் எதுவும் தனக்குத் தெரியவில்லை என்றும், வலியோ ரத்தப்போக்கோ அதிகமானால் மருந்துகள் இருக்கின்றன என்றும் சொன்னார். நீங்கள் இன்னும் அதையே கேட்கிறீர்களா என்று கேட்டார்.

பிரேமலா கணவனைப் பார்த்தாள். அவன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம் டாக்டர்," என்றாள் பிரேமலா. சொன்ன பிறகு வந்தது நிம்மதி என்று சொல்ல முடியாது. இன்னும் முப்பது வருடத்துக்கு மாதந்தோறும் வரப்போகும் நாட்களை எல்லாம் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டதுபோல் இருந்தது. "அவ கத்துக்குவா. மெதுவாத்தான். ஆனா கத்துக்குவா."

திரும்பும் வழியில் மாமாக் கடை என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பிட நிறுத்தினார்கள். மதிய நேரம், கூட்டம். மீ கோரெங், பொரித்த நூடுல்ஸ், சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது சாந்தினி எழுந்து, தன் சின்னப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடையின் பின்பக்கம் இருந்த கழிப்பறையை நோக்கித் தனியாக நடந்தாள். பிரேமலா பாதி எழுந்தாள். பிறகு அவளே உட்கார்ந்துகொண்டாள்.

நேரம் போயிற்று. மீ கோரெங் வந்து ஆறத் தொடங்கியது. கழிப்பறை வாசலில் யாரோ ஒரு பெண் காத்திருந்து, பொறுமை இழந்து, கதவைத் தட்டினாள். மறுபடி பலமாகத் தட்டினாள்.

"ஆடா ஓராங்," என்று உள்ளேயிருந்து சாந்தினியின் குரல் வந்தது. ஆள் இருக்கு. கடை முழுக்கக் கேட்டது. ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். தட்டிய பெண் கையை இறக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

அர்ச்சுனன் மகளின் தட்டை எடுத்து, ஆறாமல் இருக்க இன்னொரு தட்டால் மூடி வைத்தான். இருவரும் காத்திருந்தார்கள்.